அம்மாவைக் கொல்ல வருகிற அந்த ஆள்

போர் நடந்த காலத்தில் ரொட்டிக்கடை அம்மா பலமுறை கொல்லப்பட்டார். எதிரி நாட்டான் எவனும் அவருடைய தெருவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொன்றதெல்லாம் சொந்தச் சபையார்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்த கையோடு, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நிதானமாக.

காரணம் மகன். தெருவே அவனை 'பன்' என்றுதான் கூப்பிடும். ஆளும் அப்படி, மனசும் அப்படி. கடையில் மாவு பிசைவது அவன் வேலை. படைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்ததும் நேரே போய், "நான் ஏசுவோட ஆளு, யாரையும் சுட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பிசையத் தொடங்கினான். இப்படிப்பட்ட ஜென்மங்களுக்கும் சட்டத்தில் ஒரு சந்து வைத்திருந்தார்கள். விசாரணைக் குழுவின் முன் நிற்க வேண்டும். சபையிலிருந்து ஒருவர் கூட வந்து, இவன் நடிக்கவில்லை, நிஜமாகவே இப்படித்தான் என்று சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி வந்தால் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. வராவிட்டால் சிறை.

போதகர் வருவார் என்று அம்மா நம்பினார். போதகரோ, "ஜெபிப்போம்" என்றார். அந்தப் போதகர் ஜெபிப்போம் என்றால் காரியம் ஊறுகாய் ஜாடிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அவரையும் குறை சொல்ல முடியாது. சபையில் பாதிப் பேரின் பிள்ளைகள் எல்லையில் இருந்தார்கள். "அப்ப எங்க பிள்ளைங்க என்ன, கிறிஸ்தவங்க இல்லையா?" என்று தையற்காரர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வி எழுந்தால் சபையார் என்ன செய்வார்கள்? விவாதிப்பார்கள். ஒரு பக்கம், ஏசு மறு கன்னத்தைக் காட்டச் சொன்னதைக் கொண்டுவந்தது. மறுபக்கம் வாள் வாங்கச் சொன்னதைக் கொண்டுவந்தது. வாளை உறையில் போடச் சொன்னதும் அவரேதான் என்று முதல் பக்கம் துள்ளியது. அரைத்த மாவையே அரைத்தார்கள். மாவு பிசைகிறவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

எல்லா வாதமும் தீர்ந்ததும் பட்டாளத்தார் எழுந்திருப்பார். படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் ஓய்வு பெறவில்லை.

"சரிப்பா தம்பி. ஒருத்தன் கத்தியோட உங்க அம்மாவைக் கொல்ல வர்றான். நீ என்ன பண்ணுவே?"

"நடுவுல போய் நிப்பேன் மாமா."

"உன்னைக் குத்திட்டு அப்புறம் அவங்களைக் குத்துறான்."

"அப்ப நானே செத்துட்டேனே. அதுக்கப்புறம் நான் என்ன பண்றது?"

"முன்னாடியே அவனை அடிச்சிருக்கலாம்ல?"

"அடிக்க மாட்டேன் மாமா."

மூன்றாவது வரிசையில் அம்மா பல்லைக் கடிப்பார். "ஏன் அண்ணே, அந்தக் கத்திக்காரனுக்கு இந்த ஊர்ல வேற அம்மாவே கிடைக்கலையா?"

ஞாயிற்றுக்கிழமையோடு விட்டார்களா? கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்களும் ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் கத்தியைத் துப்பாக்கியாக்கினார். பால்காரர் ஒருவனை மூவராக்கினார். அம்மா கல்லாவில் உட்கார்ந்து தன் சாவைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சுரீரென்று தைத்தது வேறு விஷயம்.

"ஏண்டா, பேச்சுக்காவது ஒரு தடவை 'எங்கம்மாவைத் தொட்டா கையை உடைப்பேன்'னு சொல்லக் கூடாதா? பெத்த வயிறு குளிருமில்ல?"

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"உண்மையாவே உடைக்க மாட்டியாடா?"

பன் மாவைத் திருப்பிப் போட்டு அறைந்தான். அவன் கை ஓங்குவது அதன்மேல் மட்டும்தான்.

கொள்கை நேற்று வந்ததல்ல. கடையில் எலித் தொல்லை. இவன் பொறி வைக்க விடமாட்டான். வெறுங்கையால் எலியைப் பிடித்து, தெருக்கோடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். அவன் கை கழுவி முடிப்பதற்குள் எலி மாவு மூட்டைக்குத் திரும்பியிருக்கும். பாம்பும் சாகக்கூடாது, தடியும் முறியக்கூடாது என்று வாழ்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு விதவை எத்தனை மூட்டையைத்தான் எலிக்குக் கொடுப்பார்?

விசாரணை புதன்கிழமை என்று வந்தது. சாட்சிக்கு வர ஆள் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறுதான் அம்மா அடுப்பை மூட்டினார், அதாவது, சபையில்.

அந்தச் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. அதற்குப் பதில் ஒரு வழக்கம் உண்டு. ஏசுவை நினைத்து எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடும் திருவிருந்துக்கு ஒரே ஒரு ரொட்டி. அதை அம்மாதான் சுட்டுக் கொண்டுவருவார். பிய்க்கும் முன் போதகர், "யாருக்காவது யார் மேலாவது மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்பார். உண்டு என்று யாராவது சொன்னால், அது தீரும்வரை ரொட்டியைத் தொடக்கூடாது. சொத்துத் தகராறில் வருடக்கணக்காக முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள்கூட அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே ரொட்டி ஒருநாளும் நின்றதில்லை.

"எனக்கு உண்டு" என்றார் அம்மா.

போதகரின் கை ரொட்டிமேல் பாதியில் நின்றது. "யார் மேலக்கா?"

"எல்லார் மேலயும்."

"ஆராதனை முடிஞ்சு பேசிக்கலாமே…"

"ஆராதனை முடிஞ்சுதானே வாராவாரம் என்னைக் கொல்றீங்க? இன்னைக்கு முன்னாடியே பேசிடலாம். புதன்கிழமை என் பிள்ளைகூட யார் வர்றீங்க?"

ரொட்டி மட்டும் சுடச்சுட மணத்தது.

"நான் போனா மத்தவங்க மனசு புண்படும்" என்றார் போதகர், தன் செருப்பிடம்.

"என் மனசு என்ன, மாவுப் பலகையா? அவன் சொல்றது சரின்னு யாரும் சொல்ல வேணாம். சரியான்னு எனக்கே தெரியலை. பொய் சொல்லலைன்னு மட்டும் சொல்லுங்க. அது உங்க எல்லாருக்கும் தெரியும்ல? அவன் பிசைஞ்ச ரொட்டியைத்தானே இத்தனை வருஷமா திங்கிறீங்க?"

குழந்தைகள் பசியில் சிணுங்கத் தொடங்கினார்கள். டீச்சர் போதகரைப் பார்த்தார். போதகர் தையற்காரரைப் பார்த்தார். தையற்காரர் கூரையைப் பார்த்தார். அம்மா உட்காரவில்லை.

கடைசியில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"உட்காரு தங்கச்சி" என்றார் பட்டாளத்தார். "நான் வர்றேன். ஆனா இவன் பண்றது தப்பு. அதை அங்கேயும் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்கண்ணே" என்று அம்மா உட்கார்ந்தார். ரொட்டி பிய்க்கப்பட்டது.

புதன்கிழமை, விசாரணை அறை. மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்கப் போகிற முகத்தோடு ஆரம்பித்தார்.

"தம்பி, ஒருத்தன் கத்தியோட உங்க அம்மாவைக் கொல்ல…"

"இங்கயுமா!" என்று பின்வரிசையிலிருந்து அம்மா அலறினார்.

பட்டாளத்தார் எழுந்தார். "ஐயா, அந்தக் கேள்வியை நான் இவன்கிட்ட வாராவாரம் கேட்டிருக்கேன். பத்தாததுக்குக் கடைக்கும் போய்க் கேட்டிருக்கேன். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தா அவன் பல்லு இருந்திருக்காது. இவன் ரொட்டியைச் சுத்திக் கையில குடுத்துட்டுப் பதில் சொன்னான். இவன் சொல்றது தப்பு, சுத்தத் தப்பு. ஆனா என்னையே அடிக்காதவன் எவனையும் அடிக்க மாட்டான். இவனைப் படையில எடுத்தீங்கன்னா எதிரிக்குத்தான் லாபம்."

குழுவினர் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். ஆஸ்பத்திரி என்று முடிவாயிற்று.

படியில் இறங்கும்போதே பட்டாளத்தார் ஆரம்பித்துவிட்டார். "சரிப்பா தம்பி, ஆஸ்பத்திரில நீ வேலையா இருக்கே. ஒருத்தன் கத்தியோட வர்றான்…"

"அண்ணே" என்றார் அம்மா. "இந்தத் தடவை அவன் உங்களைக் கொல்ல வரட்டும்."

பட்டாளத்தார் படியிலேயே நின்றார். மீசையைத் தடவினார். பன்னைப் பார்த்தார்.

"நடுவுல நிப்பேன் மாமா."

"நின்னு தொலை" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

பன் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே அம்மா கடைவீதிக்குப் போய் எலிப்பொறி வாங்கினார். நல்ல கனமான பொறி. எலி விழுந்ததா, விழுந்த எலியை என்ன செய்தார் என்று தெருவே அறிய விரும்பியது. டீச்சர் துணிந்து கேட்டே விட்டார்.

"ரொட்டி வாங்க வந்தியா, விசாரணைக்கு வந்தியா?" என்றார் அம்மா, கையெல்லாம் மாவோடு.