லேஸ் பின்னி வாங்கிய படங்கள்

நாகர்கோவிலுக்கு நான் மருமகளாக வந்தபோது என் தகரப் பெட்டிகளோடு சாக்கில் பொதிந்த மூன்று படங்களும் வந்தன. அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம், நாலைந்து இளம் ஓவியர்கள் சேர்ந்து ஒரு வாடகை அறையில் தங்கள் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் மூன்று நாள் தொடர்ந்து போனேன். பச்சை முகத்தோடு ஒரு பெண், கோணலாக நிற்கும் ஒரு மேசை, மழையில் கரைந்துபோன ஒரு தெரு. ஏன் பிடித்திருக்கிறது என்று அப்பா கேட்டார். சொல்லத் தெரியவில்லை. கல்யாணச் சீரில் வெள்ளிப் பாத்திரங்களைக் குறைத்துக்கொண்டு இந்த மூன்றையும் வாங்கித் தாருங்கள் என்றேன். ஒரே மகள் என்பதால் வாங்கித் தந்தார்.

மாமியார் சாக்கைப் பிரித்துப் பச்சை முகத்துக்காரியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இது யாருட்டி? ஒனக்க அம்மையா? மொகமெல்லாம் பச்சையா கெடக்கு. காமாலை கண்டவளா?"

"யாரும் இல்ல அத்தை. படம்."

"யாரும் இல்லாத்தவள என்னத்துக்குக் கொண்டு வந்த?"

நான் அவள்மேல் ஒட்டியிருந்த சாக்கு நாரை முந்தானையால் துடைத்தேன்.

என் கணவர் வக்கீல். வடசேரியில் வீடு. முன்கட்டு அவருக்கும் கட்சிக்காரர்களுக்கும். பின்கட்டு எனக்கும் மாமியாருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. பகல் முழுக்க அது முன்பக்கத்திலிருந்து தாழிட்டிருக்கும். புழக்கடையைச் சுற்றி உயரமான மதில். அதற்கு அப்பால் சந்தை. கத்தரிக்காய் விலை கூவுவதும் வண்டிக்காரர்கள் ஏசிக்கொள்வதும் நாள் முழுக்கக் கேட்கும்; ஒரு முகமும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கும் திரை போட்ட வில்வண்டியில் போய் வரலாம். கொழும்பில் தனியாக டிராமில் போய் வந்தவள் நான்.

என் கணவரைக் கெட்டவர் என்று சொன்னால் அது பொய். அவர் என்மேல் கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. கொழும்பில் படித்த மனைவி என்று அவருக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையில்தான் மூன்று படங்களையும் முன்கட்டில் மாட்டினார். அதனால் நான் அவற்றைக் கட்சிக்காரர்கள் போன பிறகு, கதவு திறந்த பிறகுதான் பார்க்க முடிந்தது.

ஒருநாள் கதவுக்கு அப்பால் புதுக் குரல் ஒன்று கேட்டது. புதுக்கடைப் பக்கம் குடும்ப நிலத்தில் தகராறு என்று வந்த ஆள். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், மதராஸில் படித்தவர். என் கணவர் பத்திரத்தைப் பற்றிக் கேட்கிறார், பதிலே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சார், இந்தப் பச்சைய யாரு போட்டது?" என்று அந்தக் குரல் கேட்டது. நான் தாழிட்ட கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். இந்த ஊரில் அந்தப் பச்சையைக் கண்ட முதல் ஆள்.

அடுத்த தடவை அவர் தன் படம் ஒன்றைக் கொண்டு வந்தார். பனையேறி ஒருவனை உச்சியிலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி: இரண்டு தோள், ஒரு பாதம், கீழே வட்டமாகத் தரை. என் கணவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, "வா, ஒனக்குப் பிடிக்கும்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. மதிலுக்கு மேலே ஏறி நின்று பார்த்தது போல இருந்தது.

மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானி நடத்திய கூடத்துக்காகப் பெண்கள் பலர் வீட்டில் இருந்தபடியே லேஸ் பின்னிக் கொடுப்பார்கள். நானும் பின்னினேன். அந்தக் கூலி என் கையில் இருந்த ஒரே காசு. அதைக் கொண்டு பனையேறியை வாங்கினேன். ஆறு வருஷத்தில் மாஸ்டருடைய படங்கள் பதினொன்று என்னிடம் சேர்ந்தன. சிவப்பாகவே தீட்டிய வயல். ஒரே கோட்டில் மூன்று காளைகள். வயல் படத்தைப் பார்த்த ஒரு கட்சிக்காரர், "ஏமானே, இது எந்தூரு வயலு? தீ வச்ச கேசா?" என்று கேட்டாராம். நானும் என் கணவரும் சேர்ந்து சிரித்த மாலைகளில் அது ஒன்று.

அந்த ஆறு வருஷத்தில் மாஸ்டரும் நானும் பேசியதெல்லாம் சேர்த்தால் அரைநாள் பேச்சு இருக்காது. ஒவ்வொரு முறையும் என் கணவர் பக்கத்தில் இருந்தார். ஆனால் அந்தப் படங்களுக்காக நான் யாரிடமும் வாதாடுவேன். திருவனந்தபுரத்துப் பத்திரிகைக்கு இனிஷியல் மட்டும் போட்டுக் கடிதம் எழுதினேன். ஜெபக்கூட்டத்துக்கு வரும் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தேன். கடைசியில் துரைசானியைப் பிடித்து, லேஸ் கூடத்தை மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கினேன். பதினொரு படங்களோடு, மாஸ்டர் புதிதாக வரைந்த ஒன்றையும் நடுச்சுவரில் மாட்டினோம்: முதுகு காட்டி உட்கார்ந்து லேஸ் பின்னும் ஒரு பெண். தளர்ந்த பின்னல், குனிந்த கழுத்து. மாஸ்டரின் அக்காதான் அப்படி உட்கார்ந்தவள்.

முதல்நாள் கூட்டமான கூட்டம். உள்ளே நுழைந்ததும் சிரித்தார்கள். நடுச்சுவருக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. முதலில் யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. மத்தியானத்துக்குள் டவுன் முழுக்கப் பரவிவிட்டது: அது வக்கீல் வீட்டு அம்மாவின் முதுகு.

மறுநாள் காலை சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கதவு தாழிட்டிருந்தது. பேச்சு எல்லாம் கேட்டது. அவர் போன பிறகு என் கணவர் உள்ளே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது எனக்க முதுகு இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"பின்ன?"

"நான் ஒன்ன நம்புதேன். ஊரு நம்பாது. நாளைக்குக் கோர்ட்டுல எவனும் எனக்க மொகத்தப் பாத்து வாய்க்குள்ள சிரிக்கப்பிடாது. அவ்வளவுதான்."

அன்றே கூடத்தைப் பூட்டினார்கள். மாஸ்டரின் புதுப் படத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றப் பதினொன்றும், முன்கட்டில் இருந்த என் மூன்றும் கூரைக்கு அடியில் நெல் வைக்கும் மச்சறைக்குப் போயின. சாவி என் கணவருடைய கொத்தில். துரைசானி எனக்கு நூல் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு, "கொஞ்ச நாளு போவாண்டாம் மக்கா" என்றார் மாமியார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷம் ஆனது. மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாமல் போயிற்று. மதுரையில் ஒரு நாடகக் கம்பெனிக்கு அரண்மனையும் காடும் திரைச்சீலையில் எழுதுகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருக்கு ஒரு வரி எழுதவும் எனக்கு வழி இல்லை. எழுதினால் பேசினவர்கள் பேசியது உண்மையாகிவிடும்.

பூட்டின வீட்டில் இருப்பதைவிட மோசமானது ஒன்று எனக்கு நேர்ந்தது. படங்கள் எனக்கு மறந்துபோகத் தொடங்கின. ஒருநாள் மதியம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பனையேறியை நினைத்துப் பார்த்தேன். தெரிந்த பாதம் இடதா வலதா? எவ்வளவு முயன்றும் வரவில்லை. தலைக்கு மேலே, மரப்பலகைக்கு அந்தப் பக்கம் அந்தப் படம் இருக்கிறது. நான் கீழே அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கோடு போட்டேன், கைக்காவது நினைவு இருக்குமா என்று பார்க்க. இருக்கவில்லை. அழித்து மறுபடியும் போட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஓவியராக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வாங்க முடியாது, பார்க்க முடியாது. அதனால் வரைய வேண்டியதாயிற்று. தீர்ந்துபோன வழக்குகளின் காகிதங்களை அடுப்பெரிக்கப் போடுவார்கள். அவற்றின் பின்பக்கம் எனக்கு ஆயிற்று. துணிக்குப் போடும் நீலம், காவிக்கட்டி, விளக்குக் கரி. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் அருமையான சிவப்பு வரும். இரண்டு நாளில் பழுப்பேறிவிடும். பனையேறியை முப்பது தடவையாவது வரைந்திருப்பேன். ஒவ்வொன்றிலும் மாஸ்டரின் சாயல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. ஒரு கட்டத்தில் பனையும் போயிற்று. கிணற்றடியும் துவைகல்லும் மதிலும் வந்தன. எதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ அதுதானே வரும்.

மாமியார் பார்த்தார். மகனிடம் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஒரு விடுமுறைநாள் என் கணவர் ஒரு பழைய தீர்ப்பைத் தேடி வந்தவர், அதன் பின்பக்கம் இருந்த படத்தைக் கண்டார். காகிதம் முழுக்க மதில். மேலே விரற்கடை அகலத்தில் நீலம்.

"இது நம்ம மதிலா?"

"ஆமா."

"நம்ம மதிலு இவ்வளவு ஒசரமா?"

"எனக்கு இவ்வளவு ஒசரம்."

அவர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். தீர்ப்பு வேண்டும் என்பதை மறந்து, படத்தை என்னிடமே தந்துவிட்டுப் போனார். அடுத்த முறை திருவனந்தபுரம் போனவர், ஒரு பெட்டி சாயமும் நல்ல காகிதமும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். "சாவி?" என்று கேட்டேன். "அது வேண்டாம்" என்றார்.

நல்ல காகிதத்தில் மதிலை மறுபடி வரைந்தேன். அதை அவரே எடுத்துப்போய்த் திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தார். எடுத்துக்கொண்டார்கள். அச்சிட்ட பட்டியலில் என் பெயர் இல்லை, 'திருமதி' போட்டு அவருடைய பெயர் இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். இப்போது வேண்டாம் என்றார். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"எங்க மாட்டியிருந்தாவ? வெளிச்சம் எந்தப் பக்கம்?"

"சன்னல் பக்கம்னு நெனைக்கேன். ஓர்மை இல்ல. நெறையப் பேரு பாத்தாவ."

யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், பக்கத்தில் என்ன படம் இருந்தது? அவருக்கு ஒன்றும் ஓர்மை இல்லை. அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம், படங்களைப் பூட்டியபோதுகூட வந்ததில்லை.

மாமியார் இறந்த வருஷம் மழையில் ஓடு பிரித்து மாற்ற வேண்டி வந்தது. மச்சறையைத் திறந்தார்கள். கரையான் ஏறியிருந்தது. பதினான்கில் நாலு படம்தான் படமாக இருந்தது. என் கணவர் மண்ணைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "தப்பு பண்ணிட்டேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. நடுக்கதவின் தாழை மட்டும் ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒருநாள், கொட்டாரத்தில் ஒரு கட்சிக்காரரின் வயலைப் பார்க்கப் போகிறேன், நீயும் வா, உட்கார்ந்து வரை என்று அழைத்தார். பஸ்ஸில் போனோம். வரப்பில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். நடவு முடிந்த வயல். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை, தூரத்தில் மலை. எத்தனை வருஷம் இதற்காக ஏங்கியிருப்பேன். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கண் போய் முட்டி நிற்க ஓர் இடம் தேடியது. அவ்வளவு தூரத்தை வரைய என் கை பழகவே இல்லை. வெயில் ஏறும்வரை இருந்தேன். ஒரு கோடும் விழவில்லை.

"என்ன, வரையல்லியா?" என்றார்.

"இன்னொரு நாளு வருவோம்" என்றேன்.

வருவோம் என்றார். திரும்பும்போது ஜன்னல் ஓரத்து இருக்கையை எனக்கு விட்டுக் கொடுத்தார்.