ரத்தினம்மாவின் இடத்தில் உட்கார்ந்தவன்

1960ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து முதல் திங்கட்கிழமை. சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையின் மாடியில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கான உயர்நிலை வகுப்பு மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது. உலக வரலாறு எடுக்க வந்த குணமணி டீச்சர், கரும்பலகையில் "வகுப்பு விதிகள்" என்று தலைப்பு மட்டும் எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கோபத்திலும் குரல் உயராது.

"விதியளை நானே எழுதினால் அது மன்னராட்சி. நீங்கள் சொல்லுங்கோ, கையைத் தூக்குங்கோ. கூடின கை எந்தப் பக்கமோ, அதுதான் விதி. பிறகு அதை மாத்திறதெண்டாலும், வகுப்பிலை தகராறெண்டாலும் கைதான்."

முந்தின ஆண்டுத் தேர்தலின் சூடு ஊரில் அப்போதும் ஆறவில்லை. கோப்பிக் கடையில் தேநீரா கோப்பியா என்பதற்கே கை தூக்கிய காலம். வகுப்பில் இருந்த பதின்மூன்று பேரும் உற்சாகத்தில் பெஞ்சைத் தட்டினார்கள்.

தாமதமாக வருபவர் சாக்குச் சொல்லக்கூடாது, முந்தின பாடத்தின் சுருக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று ஒரு விதி. "தெரியாது" என்ற பதில் செல்லாது, ஊகமாவது வேண்டும் என்று இன்னொன்று. செத்துப்போன அரசர்களைப் பற்றிப் பேசும்போது உயிரோடிருக்கும் அண்டைவீட்டாரை இழுக்கக்கூடாது என்ற விதியை மசாலைக் கடை யாக்கூப் கொண்டுவந்தான். அதை அதிகம் மீறியவனும் அவனே.

ரத்தினம்மா கடைசியாக எழுந்தாள். வயது இருபத்தெட்டு. நாரிஸ் சாலையில் ஒரே அறையில் குடித்தனம். அங்கேயே தையல் இயந்திரம். செவிலியர் பயிற்சியில் சேர உயர்நிலைச் சான்றிதழ் வேண்டும், முப்பது வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். ஆக, இந்த டிசம்பர்த் தேர்வைத் தவறவிட்டால் அவளுக்கு அடுத்தது கிடையாது. வகுப்பின் பதின்மூன்று இடங்களுக்கும் இடத்துக்கு ஒரு பெயர்தான் தேர்வுக்குப் போகும் என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"தீபாவளி வந்தா எனக்கு ரவிக்கை தைக்கவே நேரம் போதாது டீச்சர். வர முடியாதவங்க ஒரு பிரதிநிதிய அனுப்பலாம்னு வச்சுக்குவோம். அவங்க கேட்டுட்டு வந்து வீட்ல சொல்லணும். வந்த மாதிரியே கணக்கு."

"ராஜா சின்னப்பிள்ளையெண்டால் வேறொருத்தர் ஆளுறேல்லையோ, அது மாதிரி," என்றார் டீச்சர் மகிழ்ந்துபோய்.

பதின்மூன்று கைகளும் உயர்ந்தன. வரலாறு தெரிந்த டீச்சருக்குக்கூட, அப்படி ஆள வந்தவர்கள் பிறகு என்னென்ன செய்தார்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் அறை முழுவதும் துணி குவிந்தது. ரத்தினம்மாவின் கணவன் செல்லக்கண்ணு பேருந்து நடத்துநர். காலை வேலை, மாலையில் கால் நீட்டிக் கிடப்பான்.

"என்னங்க, சும்மாதானே இருக்கீங்க. என் எடத்துல போய் உக்காந்துட்டு வாங்க."

"பெஞ்சுல உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும் புள்ள."

"தூங்கிட்டு வந்தா சோறு இல்ல."

போனான். பிரெஞ்சுப் புரட்சி அன்றுதான் ஆரம்பம். திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் இயந்திரத்துக்கு எதிரே நின்றான்.

"ரொட்டி இல்லைன்னு பொம்பளைங்களே படை தெரட்டிக்கிட்டு அரண்மனைக்கு நடக்கிறாங்க புள்ள. மழை வேற."

ரத்தினம்மாவின் கால் மிதியில் வேகமெடுத்தது. மறுநாள் ராஜா மாறுவேடத்தில் குடும்பத்தோடு வண்டியில் தப்பிய கதை. அதைச் செல்லக்கண்ணு தன் தொழில் ஞானத்தோடு சொன்னான்.

"ஓவர் லோடு லா. கூடவே சமையல் சாமான் வேற. வழியில வேற நிறுத்துறான். எந்த டிரைவராவது அப்படி நிறுத்துவானா? காசுல இருக்கிற மூஞ்சியப் பாத்து ஒருத்தன் கண்டுபிடிச்சுட்டான். நம்ம டிக்கெட் இன்ஸ்பெக்டர் மாதிரி ஏறி, 'நீங்க எங்க எறங்கணும்?'ங்கிறான்."

அவள் சிரித்த சிரிப்பில் தையல் கோணிப் போனது. ராணியின் தலை விழுந்த அன்று, கேட்டுக்கொண்டே வெட்டிய ரவிக்கையின் கழுத்து நான்கு அங்குலம் இறங்கிவிட்டது. அதைப் போட்டுப் பார்த்த பெண், "இது எந்த ஊர் ஃபேஷன்க்கா?" என்று கேட்டாள். "பிரான்ஸ்," என்றாள் ரத்தினம்மா. அந்தப் பெண் இன்னும் இரண்டு தைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கணவன் சொன்னதை அவள் அப்படியே விழுங்கவில்லை. துணி அடுக்குக்கு மேல் பாடப்புத்தகத்தை விரித்து வைத்து, ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் ஒரு வரி படித்தாள். டிக்கெட் இன்ஸ்பெக்டர் அதில் இல்லை. மற்றதெல்லாம் பெரும்பாலும் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் குணமணி டீச்சர் மாடியேறி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். யாக்கூப்பின் இடத்தில் அவன் மாமியார் வெற்றிலைப் பையோடு இருந்தார். இன்னோர் இடத்தில் யாரோ ஒருவரின் தம்பி. முன்வரிசையில், கரண்டியைக் கையில் வைத்தபடியே ஒரு சமையல்காரர். பதின்மூன்று இடங்களும் நிறைந்திருந்தன. மாணவர் ஒருவர்கூட இல்லை.

"நேற்று எதிலை விட்டனாங்கள்?" என்றார் டீச்சர், பழக்கதோஷத்தில்.

"தெரியாதும்மா," என்றார் மாமியார்.

"பாட்டியம்மா, தெரியாதுன்னு சொல்லக்கூடாது. விதி," என்று எழுந்தான் செல்லக்கண்ணு. பிரதிநிதிகளில் அவனே பழுத்த அனுபவசாலி. நேற்றைய பாடத்தை அவன் சொல்லச் சொல்ல, சமையல்காரர் கரண்டியால் பெஞ்சைத் தட்டி ஆமோதித்தார். டீச்சர் பாதியில் சுண்ணக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு தானும் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வினை அங்கே முளைத்தது.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை, ரத்தினம்மா புதுச் சேலை கட்டி, புத்தகத்தை அணைத்துக்கொண்டு மாடியேறினாள். அவள் இடத்தில் செல்லக்கண்ணு. அன்று கூடுதல் வேலை, முடிந்து நேரே வந்திருந்தான், சீருடைகூட மாற்றவில்லை.

"எந்திரிங்க."

"புரட்சி பாதியில நிக்குது புள்ள."

"நான் பாத்துக்கிறேன். எந்திரிங்க."

"இத்தனை நாள் உக்காந்தது யாரு? நீ வீட்லயே கேட்டுக்கோ. நான்தான் நல்லா சொல்றேன்ல? பரிட்சையவும் நானே எழுதிடுறேன்."

ரத்தினம்மாவுக்குக் காது சூடேறியது. வேடிக்கைக்குச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"டீச்சர், பேர் அனுப்பப் போறீங்கள்ல? இந்த எடத்துக்கு யார் பேரு?"

குணமணி டீச்சரின் முகம் சிவந்தது. "என்ரை மனசைக் கேட்டால் உம்மடை பேர்தான். ஆனால் வகுப்பிலை தகராறெண்டால் கை தூக்கித்தான் முடிவெண்டு நாங்களே எழுதி வச்சிருக்கிறம். விதியை நான் மீறினால் நாளைக்கு யார் மதிக்கிறது?"

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அண்ணன் போயிட்டா வகுப்பே செத்துப்போயிரும்," என்றான் யாக்கூப். "கதைய அவர் மாதிரி யார் சொல்லுவா?"

"நீ சும்மா இரு. உன் மாமியாவே உன்னவிட நல்லா படிச்சாங்க," என்றது பின்வரிசை.

"அக்காவுக்கு நர்ஸ் வேலை வேணும் லா. இவருக்கு என்ன, பஸ்ஸுக்குள்ள நெப்போலியன் பத்திப் பேசவா?"

"பேசினா டிக்கெட் வாங்குறவனுக்குப் பொழுதுபோகும்."

டீச்சர் மேசையைத் தட்டினார். செல்லக்கண்ணு பக்கம் ஆறு கைகள் உயர்ந்தன. ரத்தினம்மா பக்கமும் ஆறு. யாக்கூப் ஒருமுறை இரண்டு கையையும் தூக்கி, அதட்டல் வாங்கி, ஒன்றை இறக்கினான். இரண்டாம் முறை எண்ணியும் ஆறுக்கு ஆறுதான்.

"இந்த எடத்துக்கும் ஒரு வாக்கு இருக்குல்ல," என்றான் செல்லக்கண்ணு. மணி அடித்து வண்டியை நகர்த்தும் தோரணையில் தன் வலது கையை உயர்த்தினான். "ஏழு."

ரத்தினம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், இவர் இங்க யாரு?"

"உம்மடை பிரதிநிதி."

"அப்ப அந்தக் கை யாரோடது?"

குணமணி டீச்சர் ஒரு கணம் யோசித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு விரல்களுக்கு நடுவே வெளியே வந்துவிட்டது. "அனுப்பினவவின்ரை கை. அவர் வந்தால் நீர் வந்த மாதிரியெண்டு நாங்கள்தானே எழுதினது. அப்ப அவர் தூக்கினால் நீர் தூக்கின மாதிரி."

ரத்தினம்மா கணவனின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். "ரத்தினம்மா பேருக்குத் தூக்குறவங்கன்னு இப்பக் கேளுங்க டீச்சர்."

டீச்சர் கேட்டார். அவள் அதே கையை மறுபடி மேலே தூக்கினாள். செல்லக்கண்ணு தன் கை போவதையும் வருவதையும், கூட்டத்தில் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு," என்றார் டீச்சர்.

யாக்கூப் பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். எதிர்த்து வாக்களித்த ஆறு பேரும்கூடக் கைதட்டினார்கள். செல்லக்கண்ணு எழுந்து, சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்தான்.

"ஒக்காரு தாயி. கடைசி ஸ்டாப் வந்துருச்சு, நான் எறங்கிக்கிறேன்."

"நீங்க எங்க எறங்கணும்னு நான் கேக்கவே இல்லையே," என்றாள் அவள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்பியபோது இயந்திரத்தின் மேல் துணி இல்லை. சோற்றுப் பானையும் இரண்டு தட்டுகளும் இருந்தன. செல்லக்கண்ணு வாசலிலேயே காத்திருந்தான்.

"என்ன ஆச்சு? நெப்போலியன் வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"வந்து?"

"முதல்ல சோறு போடுங்க."

டிசம்பரில் தேர்வு எழுதி, அவள் உலக வரலாற்றில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். மறு ஆண்டு பயிற்சிக்கான வெள்ளைச் சட்டையைத் தன் கையாலேயே தைத்துக்கொண்டாள். அதன் கழுத்தைப் பயிற்சிப் பள்ளியின் பெரிய செவிலியர் அளந்தே பார்த்தார், குறையில்லை. செல்லக்கண்ணு அந்த ஜனவரியில் தன் பெயரில் ஓர் இடம் வாங்கி உட்கார்ந்தான். விதிகளுக்குக் கை தூக்கும் நேரம் வந்ததும் முதலில் எழுந்தவன் அவன்தான்.

"பிரதிநிதி மட்டும் வேணாம் டீச்சர்."