மூன்று வீடுகளுக்கு நடந்த தெய்வானை

புதன்கிழமை காலை நான் தடுப்பூசிப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது, சோமனூர்ப் பக்கத்துக் கிராம நர்ஸ் தெய்வானை மாரடைப்பில் போய்விட்டதாகப் போன் வந்தது. குழந்தைகளுக்கு ஊசியை முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பாதியில் விட்டுப் போயிருந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கறார்க் குரல் மறக்காது. ஊசி போட்டால் காய்ச்சல் வருமா என்று கேட்கும் தாய்மாரிடம் பூசி மெழுக மாட்டார். "வருமுங்க அம்மணி. ஒரு நாள் சிணுங்கும். தொண்டை அடைப்பான் வந்தா சிணுங்கக்கூட முடியாதுங்க." ஒரே பென்டா ஊசி ஐந்து நோய்க்குக் காவல் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாகியிருக்கும்.

ஆள் பற்றாத ஒரு முகாமுக்கு நானும் அவருடன் போயிருந்தேன். மூன்று குழந்தைகளுக்குப் போட்டாயிற்று. நான்காவது குழந்தைக்காக அதே புட்டியைக் குலுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பால்போல் இருக்க வேண்டிய மருந்து அடியில் துகளாகப் படிந்துகொண்டிருந்தது. ஐஸ் கட்டிகளைச் சற்று உருகவிடாமல் பெட்டியில் வைத்ததால் மருந்து உறைந்திருக்கிறது. அப்படி உறைந்ததைப் போட்டாலும் போடாத மாதிரிதான்.

வெளியே தாய்மார் தறியை நிறுத்திவிட்டு வந்து காத்திருந்தார்கள்.

"மூணு குழந்தைதானுங்க. வெளிய சொன்னா இனி ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றேன்.

"சொல்லாம உட்டுப்போட்டா, அந்தக் குழந்தைகளுக்கு ஏதாச்சும் ஆனா என்ன பண்ணுவீங்க சாந்தி?"

காத்திருந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, மூன்று வீடுகளுக்கும் நடந்து போய் விஷயத்தைச் சொன்னார். மூன்றாவது வீட்டில் குழந்தையின் அப்பா வாசலை மறித்து நின்றார். "இனி எம்புள்ளையத் தொட்டுராதீங்க."

"பொட்டியச் சரியாப் பாக்காதது என் தப்புங்க. என்ன வேணா பேசுங்க. ஒரு மாசம் இடைவெளி உட்டுத்தானுங்க திரும்பப் போடோணும். அடுத்த மாசம் குழந்தையக் கூட்டிட்டு மட்டும் வந்துருங்க" என்றார் தெய்வானை. கதவு சாத்திக்கொண்டது.

அந்த ஒரு மாதம் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. எந்தக் குழந்தை இருமினாலும் அந்த மூன்றில் ஒன்றோ என்று பதறினோம். முகாமன்று மற்ற இரண்டு குழந்தைகளும் வந்துவிட, மதியம் தாண்டியும் மூன்றாவது வீட்டுக் குழந்தை வரவில்லை. மூட்டை கட்டும் நேரத்தில் அப்பா குழந்தையோடு வந்தார். "ஊட்டுக்கே வந்து தப்புன்னு சொன்னீங்கல்ல. நீங்களே போடுங்க." ஊசி போட்டுவிட்டுக் கை கழுவப் போன தெய்வானை, நெடுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தப்பை வாசலில் போய் நின்று சொன்ன அந்தத் துணிவைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். அவரை அறிந்த உங்கள் முன்னால் இன்று தொடங்குகிறேன். அன்று பெட்டியில் ஐஸ் வைத்தது நான். தெய்வானைக்கு அது தெரியும். ஒரு வீட்டிலும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.