மாவு மில் கூரையில் கிடைத்த காற்று

அந்த ஊரில் கூரை பறந்தால் முதலில் அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். உட்கார்ந்து அழுவதெல்லாம் அதற்கப்புறம். கூரைக்காரி என்ற பெயரே நிலைத்துவிட்டது. வயது நாற்பத்தேழு, ஏணியில் ஏறும்போது மட்டும் முப்பது. தோளில் ஒரு பை, அதற்குள் திருகாணி, ஆணித் துளை ஒழுகாமல் அடைக்க ரப்பர் வாஷர், சுத்தியல், கை துடைக்க ஒரு பழந்துணி. கீழே நின்றுகொண்டு யோசனை சொல்கிற ஆண்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "யோசனை நல்லாத்தான் இருக்கு, மேல வந்து சொல்லுங்க" என்பாள். இதுவரை ஒருவரும் மேலே போனதில்லை.

தொழிலைக் கணவனிடம் கற்றிருப்பாள் என்று நினைத்துவிட வேண்டாம். பால் வண்டி ஓட்டும் அந்த மனிதருக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுத் தகரமே பிய்த்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் விழுந்தது. ஆள் கிடைக்காமல் அவளே ஏறினாள். அன்று ஏறியவளுக்கு இறங்க நேரமே கிடைக்கவில்லை.

கல்லும் முள்ளுமான மேட்டுப் பூமி அது. பஸ் வருவதே பெரிய விஷயம், வந்தாலும் ஏறிப் போகிறவர்கள்தான் அதிகம், இறங்குகிறவர்கள் குறைவு. மின்சாரம் நினைத்தால் வரும். தாராளமாகக் கிடைத்தது காற்று ஒன்றுதான், அதையும் ஊர் திட்டித் தீர்த்தது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு நாள் காரில் ஒரு கம்பெனிக்காரர் வந்து, காற்றாலை வைக்கிறோம், நிலத்துக்கு வாடகை தருகிறோம் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்தான் குறுக்கே பேசினார். காற்று நம்முடையது, அடி வாங்கியது நாம், ஆலையும் நம்முடையதாக இருந்தால் என்ன என்றார். முதலில் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் சங்கம் பதிவாகிவிட்டது.

மின்வாரியம் பதினெட்டு மாதம் கெடு கொடுத்தது. அதற்குள் ஒரு முழு வருஷம், ஒரு நாளும் விடாமல் காற்றை அளந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அனுமதி கம்பெனிக்குப் போய்விடும். அளக்கும் கம்பத்தை எங்கே நடுவது என்று கேட்டபோது எல்லோரும் கூரைக்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கணவாய்த் தெருதான். வருஷத்துக்கு நாலு கூரை அங்க போகுது. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஊரும் தலையாட்டியது. காற்றைக் கண்டால் கதவைச் சாத்திப் பழகிய ஜனம். எங்கே அதிகம் வலித்ததோ அந்த இடத்தைத்தானே காட்டும்? அவள் சொல்லை நம்பி அறுபத்து மூன்று குடும்பங்கள் பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டன. அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பெரிய ஊரிலிருந்து சங்கத்துக்கு உதவும் பொறியாளர் வந்தாள். இளம்பெண், கண்ணாடி போட்டவள், நிறையப் பேசாதவள். கம்பத்துப் பெட்டியிலிருந்த கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். கணவாயில் காற்று பாறையில் மோதிச் சுழன்று அடிக்கிறது. அடித்த கையோடு அடங்கிவிடுகிறது. கூரையைப் பிடுங்க அந்த வேகம் போதும், ஆலையைச் சுற்ற அது உதவாது, றெக்கைதான் உடையும்.

"இங்க காத்து அடிக்குதுக்கா. ஓட மாட்டேங்குது. எனக்கு வேண்டியது ஓடுற காத்து. உப்புச் சப்பில்லாம, நாள் பூரா ஒரே மாதிரி வர்றது. அப்படி ஒரு இடம் இருக்கா?"

கூரைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. அப்படி இடம் எதுவும் தனக்குத் தெரியாது என்றாள். பறக்காத கூரைக்கு அவளை யார் கூப்பிடப் போகிறார்கள்? பொறியாளருக்கே பாவமாகிவிட்டது. கருவியில் கோளாறு என்று சொல்லி வேறு இடம் மாற்றிக்கொள்ளலாம், உங்கள் பேர் கெடாது என்றாள். கூரைக்காரி வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இன்னும் பதின்மூன்று மாதம். அதில் பன்னிரண்டு அளக்கப் போய்விடும். ஒரே மாதத்துக்குள் சரியான இடம் கிடைக்காவிட்டால், தன்னை நம்பிய அறுபத்து மூன்று வீட்டின் காற்றையும் கம்பெனிக்காரன் கொண்டுபோவான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை முகம் கழுவும்போதுதான் அவளுக்கு அந்தக் கூரை ஞாபகம் வந்தது. ஞாபகம் வரக்கூடாது என்று மூன்று வருஷமாக அவள் பிடிவாதமாக இருந்த கூரை. ஊர்க்கோடி மொட்டை மேட்டில் அவளுடைய நாத்தனார் மாவு மில் வைத்திருக்கிறாள். மில்லுக்குத் தகரம் போட்டது இவள்தான். ஒரு தகரமும் பறந்ததில்லை. ஆனால் முதல் மழையிலேயே ஆணித் துளை ஒவ்வொன்றும் ஒழுகி, நாலு மூட்டை மாவு களியாகிப் போனது. அண்ணிக்குக் கூரை போடத் தெரியாது என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். இவள் ஒன்று சொல்ல, அவள் இரண்டு சொல்ல, பேச்சுவார்த்தை நின்றது. அதற்கப்புறம் டவுனிலிருந்து வேறு ஆள் வந்து மில் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

கூரைக்காரி பால் வண்டியில் ஏணியைக் கட்டச் சொன்னாள். எங்கே என்று கேட்ட கணவர், பதிலைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார். தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மூன்று வருஷமாக மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிய மனிதர்.

மில் வாசலில் நாத்தனார் மாவு படிந்த புருவத்தை உயர்த்தினாள். "என்ன அண்ணி, வழி தவறிட்டீங்களா?"

"உன் கூரையைப் பாக்கணும்."

"இப்பவாவது பாக்கணும்னு தோணுச்சே."

கூரைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மேற்குச் சரிவில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினாள். தான் போட்ட சிவப்பு வாஷர் நாலைந்துதான் மிச்சம். மற்றதெல்லாம் டவுன்காரன் போட்ட கறுப்பு. சிவப்பும் சரி, கறுப்பும் சரி, ஒரே பக்கமாகத் தேய்ந்து காகிதமாகியிருந்தன. கிழிசல் இல்லை, பிளவு இல்லை. தகரத்தின் துளைகள்கூட அதே பக்கம் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தன. கணவாயில் அவள் பார்க்கிற வாஷர்கள் தாறுமாறாகப் பிய்ந்திருக்கும். இங்கே ஏதோ ஒன்று ராத்திரி பகல் பாராமல் ஒரே திசையிலிருந்து, ஒரே அளவில், கூரையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்தாள். இப்போதும் ஆடிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கியவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "டவுன்காரன் போட்டதும் ஒழுகுதா?"

நாத்தனார் அரைபடும் மாவைப் பார்த்தாள், எடைத் தராசைப் பார்த்தாள், அண்ணியை மட்டும் பார்க்கவில்லை. "வருஷா வருஷம் ஒழுகுது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் சங்கம் கூடியது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரரும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து கதவோரம் நின்றார். தான் விளக்கிச் சொல்வதாகப் பொறியாளர் எழுந்தாள். கூரைக்காரி அவளை உட்காரச் சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

"கணவாயைக் காட்டினது நான். அது தப்பு. கருவி மேல ஒரு குத்தமும் இல்ல. பிச்சுக்கிட்டுப் போற காத்தத்தான் நான் காத்துன்னு நெனச்சிருந்தேன். கம்பத்தை மில் மேட்டுக்கு மாத்தணும். இந்த மாசத்துக்குள்ள மாத்தினா கெடுவுக்கு வருஷம் சரியா வரும்."

தச்சர் எழுந்தார். கணவாய்த் தெருவில் குடியிருப்பவர், அவள் பேச்சைக் கேட்டு முதலில் கையெழுத்துப் போட்டவர்.

"மில் மேடு யாருது? உங்க நாத்தனாருது. அஞ்சு மாசம் எங்களை ஒரு இடத்துல உக்கார வச்சிட்டு, இப்போ சொந்தக்காரங்க நிலத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க. நாங்க என்னன்னு நெனைக்கறது?"

கேட்டதில் தப்பே இல்லை. அவளுக்கும் அது தெரியும். பையிலிருந்து வாஷர்களை எடுத்து மேஜை மேல் வைத்தாள், இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு. எது யார் போட்டது, எப்படித் தேய்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கைமாற்றிக் கொடுத்தாள். தச்சர் விரலால் தடவிப் பார்த்தார். மரத்தேய்மானம் தெரிந்த விரல். ஆனாலும் அவர் முகம் இளகவில்லை.

அப்போது பின் பெஞ்சில் நாத்தனார் எழுந்தாள். கூட்டத்துக்கு அவள் வந்திருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

"இவங்களுக்கு வேலை தெரியாதுன்னு ஊர் பூரா சொன்னது நான்தான். டவுன்காரன் கூரையும் ஒழுகிச்சு. அதை மட்டும் நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நான் தோத்த மாதிரி ஆயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். மேட்டை சங்கத்துக்கு எழுதித் தர்றேன், வாடகை வேணாம். உங்க எல்லாருக்கும் எத்தனை பங்கோ, எனக்கும் அத்தனைதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தச்சர் வாஷரை மேஜையில் வைத்துவிட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். தபால்காரர் பெஞ்சு பெஞ்சாக எண்ணிக்கொண்டு வந்தார். அறுபத்தொரு கை. கம்பெனிக்காரரின் கார் புறப்பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பத்தே நாளில் கம்பம் இடம் மாறியது. அதற்கப்புறம் அவள் மில் மேட்டுப் பக்கம் அடிக்கடி போனாள், கம்பத்தைப் பார்க்க இல்லையாம், நாத்தனார் கூரைக்குத் தடித்த வாஷர் போடவாம். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

வருஷக் கணக்கு முடிந்து தீர்ப்பு வந்த அன்று அவள் கணவாய்த் தெருவில் தச்சர் வீட்டுக் கூரை மேல் இருந்தாள். கீழே நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள், தலையெல்லாம் மாவு.

"அண்ணி! வாரியம் ஒத்துக்கிச்சு. கேட்டதுக்கு மேலயே காத்து இருக்காம். மூணு ஆலை நிக்குமாம். பொறியாளர் பொண்ணு போன்ல அழுவுது. எறங்குங்க."

"இன்னும் நாலு ஆணி இருக்கு" என்றாள் கூரைக்காரி. "முடிச்சிட்டு வர்றேன்."

நாலு ஆணியையும் ஒழுங்காக முடுக்கினாள். பிறகு, கீழே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி கூரையின் அந்தப் பக்கச் சரிவுக்கு நகர்ந்து உட்கார்ந்து, பழந்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆசை தீர அழுதாள்.