கடலோரப் பையனுக்கு ஒரு சரிகை மாலை

படத்துக்குச் சட்டம் போடுகிறவனிடம் வருவது இரண்டே வகைதான்: சாமி, அல்லது சாமியிடம் போய்ச் சேர்ந்தவர்கள். ஐம்பதுகளில் என் ஓசூர் கடைக்கு மூன்றாவது வகை ஒன்று வந்தது. நீங்களும் கடை வைத்துப் பட்டவர்கள் என்றால் என் பாடு புரியும்.

எந்த ஏரி?

மத்திகிரி டிராயிங் மாஸ்டர் சாமுவேல் ஒரு படம் கொண்டுவந்தார். அவரோடு தபால்தலை பரிமாறிக்கொள்ளும் பின்லாந்து நண்பர் அனுப்பியது. அந்த நாட்டு ஓவியர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்ததாம். சாம்பல் நிறக் கடல். பாறைமேல் சட்டையில்லாமல் ஓர் இளைஞன். "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. சுவராவது லட்சணமா இருக்கட்டும்" என்றார்.

பிசின் காய்வதற்காகப் படத்தைச் சாய்த்து வைத்திருந்தேன். உத்தனப்பள்ளி விவசாயி ஒருவர், எந்த ஏரி என்று கேட்டார். கடல் என்றேன், உப்புத் தண்ணீர், பயிருக்கு ஆகாது என்றும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்பறம் எதுக்குங்க அந்தப் பையன் காவலுக்கு உக்காந்திருக்கான்?"

முனியப்பாவின் வழக்கம்

என்னோடு வேலை செய்த முனியப்பா, சரிகை மாலை போடாமல் எந்தப் படத்தையும் கடையை விட்டு அனுப்ப மாட்டான். ஞாயிறு அன்று அவனே படத்தைக் கொண்டுபோய், பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே ஆணியில் மாட்டிவிட்டான், மாலையோடு.

மாப்பிள்ளையின் அம்மா கிருஷ்ணகிரிக்காரர். படத்தையும் மாலையையும் பார்த்தார். பின்னாலிருந்த தண்ணீரையும் பார்த்தார். எழுந்துபோய் மாஸ்டர் மனைவியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். மாஸ்டர் விளக்கம் சொல்வதற்குள் அந்த அம்மா சொன்னது: "மனசத் தேத்திக்க தங்கச்சி. இனிமே எம் பையன் உனக்கும் பையன்தான்."

திரும்பாத கண்ணீர்

மறுநாள் மாஸ்டர் கடைக்கு வந்தார். உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறியும். சொல்லாவிட்டால், பெறாத பிள்ளைக்கு ஆயுசுக்கும் துக்கம் கொண்டாட வேண்டும். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாலை போடுவது எங்கள் கடை வழக்கம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அழுதது அழுததுதான், சம்பந்தி. அதைத் திருப்பி வாங்க முடியாது. கல்யாணத்துக்கு நாள் பாருங்க."

அன்றிலிருந்து முனியப்பா மாலை போடுமுன் "படத்துல இருக்கறவரு உசுரோட இருக்காருங்களா?" என்று விசாரிக்கத் தொடங்கினான், முருகன் படம் கொண்டுவந்தவர்களிடமும்.