போன் அடிக்காத பொங்கல்

பொன்னி சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது 2005 ஆவணியில். மாப்பிள்ளை அன்பரசு திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கேபிள் டிவி நடத்துகிறார் என்று தரகர் சொன்னபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் ஒரு பாட்டுப் பைத்தியம். எல்லாச் சேனலும் ராத்திரி பகலாக ஓடும் வீட்டுக்கல்லவா போகப்போகிறோம்!

கல்யாணமான மூன்றாம் நாளே விஷயம் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் டிவியைவிட அதிகம் ஓடியது போன்தான். அன்பரசு எந்நேரமும் ஏதாவதொரு கம்பத்தில் ஏணி சாத்தி நின்றுகொண்டிருப்பான். வருகிற புகாருக்கெல்லாம் பதில் சொல்லும் வேலை புதுப்பெண்ணின் தலையில் விழுந்தது.

"ஹலோ, கேபிளா? படம் புள்ளி புள்ளியா தெரியுதும்மா."

"பின்னாடி இருக்கிற பின்ன நல்லா அழுத்திச் சொருவுங்க சார்."

"சொருவியாச்சு. இப்ப புள்ளியும் போயிடுச்சு."

ஒரு வருடத்தில் அவள் கைதேர்ந்துவிட்டாள். திட்டுகிறவர்கள் திட்டி முடிக்கும்வரை ரிசீவரைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டாள். அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுத்த வருடங்களில் கனெக்‌ஷன் மளமளவென்று கூடியது. கூடவே திட்டும் கூடியது.

அவளைக் கூப்பிட்டவர்களில் தவறாதவர் சடையப்பன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் காலை எட்டு மணிக்குப் பழைய பாட்டு கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.

"ஏம்மா கேபிளு, சவுண்டு வருது, படம் வரல."

பொன்னி ஒரு நொடி காது கொடுத்துக் கேட்பாள். போனுக்குள் அவர் வீட்டு டிவியின் வயலின் சத்தம் வரும்.

"இந்தப் பாட்டுக்குப் படம் எதுக்கு சார்? ரெண்டு பேரும் ஒரு மரத்த சுத்திச் சுத்தி வருவாங்க, அவ்ளோதான். கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க, அதுக்குள்ள ஆளு வந்துடும்."

அவர் சிரித்துவிடுவார். ஆறு வருடமாகக் குரல் தெரியும். முகம் தெரியாது.

பொன்னிக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்ததெல்லாம் அண்ணன் தில்லைநாதன்தான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். சட்டைப் பையில் எப்போதும் மவுத் ஆர்கன் இருக்கும். அண்ணனும் தங்கையும் சின்ன வயதிலிருந்தே ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். பாட்டு தொடங்குமுன் வரும் இசையில் நாலு செகண்டு மட்டும் அவர் வாசிப்பார். அவள் பாட்டைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அது போனில் தொடர்ந்தது. அந்தப் பத்து நிமிடமும் ஊரார் எல்லோருக்கும் கேபிள்காரர் வீட்டு லைன் பிசி.

பொங்கலுக்குப் பொங்கல் தில்லைநாதன் சீர் கொண்டு வருவார். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பரங்கிக்காய், தங்கைக்குப் புடவை. முதல் பஸ் பிடித்து வந்து இறங்கினால், காலையில் பட்டிமன்றம், மத்தியானம் புதுப்படம், சாயந்தரம் பாட்டுப்போட்டி என்று மூன்றையும் மூவருமாக உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். தலைப்பொங்கலிலேயே அது பலிக்கவில்லை. பண்டிகை நாளில் ஊர் மொத்தமும் டிவி முன்னால் உட்கார்ந்தால், கேபிள்காரர் வீட்டில் யார் உட்கார முடியும்? நடுவர் தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கும்போது போன் அடிக்கும். படத்தில் சண்டை தொடங்கும்போது அன்பரசு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். நாலு மணிக்கு அவன் வந்த பிறகுதான் இலை போடுவார்கள். வருடா வருடம் அதுவே வழக்கமாகிப்போனது. மகள் சுவேதா பிறந்த பிறகு, பொங்கல் சாப்பாடு என்றால் எல்லோர் வீட்டிலும் நாலு மணிக்குத்தான் என்று அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தது.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி தானே புயல் அடித்தது. விடிந்து பார்த்தபோது கேபிள் கண்ட்ரோல் ரூம் மொட்டைமாடியில் இருந்த டிஷ் ஆன்டெனா அப்பளம்போல் மடிந்து கிடந்தது. கம்பங்கள் சாய்ந்து, மரங்கள் தெருவை மறித்துக் கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. இரண்டு நாள் கழித்து, ஊர் எழுமுன் விடியற்காலையில் தெருக்களைச் சுற்றிப் பார்க்கப் போன அன்பரசு வெறுங்கையோடு திரும்பினான்.

"கம்பம் விழுந்ததுகூடப் பரவாயில்ல பொன்னி. கீழ கெடந்த ஒயர் எல்லாம் எங்க போச்சு? ஒரு மீட்டர்கூட இல்ல. ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒண்ணுகூட இல்ல. எவனோ சுத்தமா வாரிட்டுப் போயிட்டான்."

 அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இத்தனை வருடமும் கம்பம் கம்பமாக ஏறி அவன் கட்டிய ஒயர் அது.

மறுநாளே மின்கம்பம் நடும் கான்ட்ராக்டர் ஒருவர் ஏணி ஏறத் தெரிந்த ஆள் வேண்டுமென்று வந்து, அவனைக் காடாம்புலியூர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே முந்திரியும் பலாவும் வேரோடு பெயர்ந்து கிடந்ததைப் பார்த்தபின், தன் ஒயரைப் பற்றிப் பேசவே அவனுக்குக் கூச்சமாக இருந்ததாம். போகி அன்று சாயந்தரம்தான் வீடு திரும்பினான்.

மறுநாள் பொங்கல். அவர்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. தில்லைநாதன் வழக்கம்போல் சீரோடு வந்து இறங்கினார். கரும்புதான் இடுப்பு உயரம் இருந்தது.

"என்னாண்ணே, கரும்பு இந்த வருசம் குட்டியா இருக்கு?"

"எல்லாம் படுத்துப்போச்சும்மா. நிமுந்து நின்னது இதான். கெடச்ச வரைக்கும் சந்தோசம்னு வாங்கியாந்தேன்."

பொங்கல் பொங்கியது. பட்டிமன்ற நேரமான பத்தரை மணிக்குப் பொன்னிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு தடவை போன் பக்கம் போய்விட்டு வந்தாள். அன்பரசு பனியனோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பண்டிகை நாளில் அவனை அப்படிப் பார்த்தே பழக்கமில்லாத சுவேதா, "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

தில்லைநாதன் மவுத் ஆர்கனை எடுத்தார். "மாப்ள, இன்னிக்கு நீங்களும் ஆட்டத்துல உண்டு. சொல்லுங்க பாப்போம்."

நாலு செகண்டு வாசித்தார். அன்பரசு விழித்தான். "ஏதோ கேட்ட மாதிரி இருக்கு மச்சான்."

பொன்னி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கே பாட்டு சப்ளை பண்ற மனுசன். ஒரு பாட்டு தெரியுதா பாரு!"

"நான் ஒயரைத்தான பாத்தேன், பாட்ட எங்க கேட்டேன்?"

சிரித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. "ஏம்மா கேபிளு!"

பொன்னி துள்ளி எழுந்தாள். வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பூணூல் போட்டதுபோல் தோளில் கறுப்பு ஒயரைப் பெரிய வளையமாகச் சுற்றி மாட்டிக்கொண்டு நின்றார். கையில் இரண்டு ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள்.

"சடையப்பன் சாரா?"

"நானேதான். அன்பு தம்பிய ரெண்டு வாரமா தேடுறேன். கண்ட்ரோல் ரூமு பூட்டிக் கெடக்கு, போனும் அடிக்கல, வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது. பால்காரர்கிட்ட விசாரிச்சு வரேன்." அவர் ஒயரை இறக்கி வைத்தார். "புயலுக்கு மறுநாளே பழைய இரும்பு பொறுக்குற ஆளுங்க வண்டியோட சுத்தறத பாத்தேன். இது நம்ம தம்பி கட்டுனதாச்சேன்னு எங்க தெருவுல இருந்தத அன்னிக்கே சுருட்டி வச்சுட்டேன். பக்கத்துத் தெருவுலயும் சொன்னேன். வீட்டுக்கு வீடு கட்டில் அடியில வச்சிருக்காங்க. பின்னாடி வராங்க பாருங்க."

உண்மையிலேயே வந்தார்கள். புதுச்சட்டையும் பட்டுப்புடவையுமாக, தோளிலும் சைக்கிள் கேரியரிலும் ஒயர் வளையங்களைச் சுமந்துகொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு அம்மா ஒயரை வட்டமாகச் சுற்றி, மேலே மஞ்சள் கொத்தையும் செருகிக் கொண்டுவந்திருந்தாள். அவள் வாய் திறந்ததும், சீரியல் நேரத்தில் போனில் இடி மாதிரி இறங்கும் குரல் அதுதான் என்று பொன்னிக்குப் புரிந்தது. இவ்வளவு ஒல்லியான உடம்பிலிருந்தா அந்தக் குரல்!

அன்பரசு ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.  உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

 போனில் ஆயிரம் பேச்சுப் பேசிய பொன்னிக்கு நேரில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இருங்க, யாரும் போயிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணன் கொண்டுவந்த அரிசியில் மிச்சத்தைக் களைந்து இரண்டாவது பொங்கல் ஏற்றினாள். அது பொங்கும்வரை வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது. தில்லைநாதன் மவுத் ஆர்கனை மறுபடி எடுத்தார்.

வந்த கூட்டமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நாலு செகண்டு வாசிக்க வேண்டியது, பாட்டைச் சொன்ன கட்சிக்கு ஒரு துண்டு கரும்பு. சடையப்பன் இரண்டே செகண்டில் சொல்லிவிடுவார், ஆனால் சொன்னதோடு நிற்காமல் சரணம்வரை பாடித் தீர்ப்பார். நிறுத்தச் சொல்லிக் கூச்சல் போட்டும் பயனில்லை. மவுத் ஆர்கன் பாதி நேரம் சிரிப்பில் தடுமாறியது. அன்பரசுகூடக் கடைசியில் ஒரே ஒரு பாட்டைச் சரியாகச் சொன்னான். அது ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் கரண்ட் வந்தது. மாசி பிறந்ததும் புது டிஷ் ஏறியது. ஒயரை மறுபடி இழுக்கும் வேலை தொடங்கியபோது பொன்னி, "நானும் வரேன்" என்றாள். கீழே நின்று ஏணியை அவள் பிடித்துக்கொள்ள, மேலே அவன் ஏறினான். ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு வீடாகப் போனார்கள். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, "நீங்கதான போன்ல நடுநடுவுல இருமுறவரு?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாள். சடையப்பன் தெருவுக்குப் போன அன்று காலையிலேயே ஆறு டம்ளர் காபி உள்ளே போயிருந்தது.

அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. அவர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மாரியம்மாள் கதவைத் திறந்தாள்.

"எழுப்பாதீங்க, நாங்க வெளியிலயே வேலைய முடிச்சிட்டுப் போயிடறோம்" என்று பொன்னி கிசுகிசுத்தாள்.

"போறதா? சங்கரா மீன் கொழம்பு வச்சிருக்கேன். ஏணிய அப்டியே செவுத்துல சாத்திட்டு, ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க" என்றாள் மாரியம்மாள். அன்பரசு பொன்னியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.