பதிவில் நான் சேர்த்த ஹார்ன்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மலேசியாவின் மூவார் நகரில் நான் வேலை செய்யும் மரச்சாமான் தொழிற்சாலையில் நடந்தது இது. வேலையாட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. வகுப்புக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். வேலை நின்றுவிடும் என்று சூப்பர்வைசர்களும் விடமாட்டார்கள். நானோ பிடிவாதக்காரி. பத்து நிமிடப் பாட்காஸ்ட்டாகப் பேசிப் பதிவு செய்து, வாரம் ஒன்றாக எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பத் தொடங்கினேன்.

முதல் இரண்டையும் யாரும் சீண்டவில்லை. மூன்றாவது, பாரம் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பற்றியது. கேட்கச் சுவையாக இருக்கட்டுமே என்று எங்கள் வண்டியின் ஹார்னையே பதிவு செய்து நடுநடுவே சேர்த்தேன். பாராட்டு குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வாரம் ஒரு நாள் காலை, பலகை தேய்க்கும் பகுதிக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் ஓர் அக்கா, காதில் இயர்போனுடன் வண்டிப் பாதையிலேயே முதுகைக் காட்டி நின்றிருந்தார். பலகை ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஹார்ன் அடித்தது. அவர் நகரவில்லை. மறுபடியும் அடித்தது. நான் கத்தினேன். பக்கத்திலிருந்த ஓர் அண்ணன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் நின்ற இடத்தைத் தாண்டித்தான் வண்டி நின்றது.

அக்கா இயர்போனைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “ஹார்ன் கேட்டுச்சு மிஸ். நீங்க பேசுறதுலதான் வருதுன்னு நெனச்சிட்டேன்லா.”

பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்கப் போன என் குரலே ஓர் உயிரை வாங்கப் பார்த்திருக்கிறது.

“இந்தப் பாட்காஸ்ட் எல்லாம் இனிமே வேணாம்லா,” என்றார் மேனேஜர். அவர் கோபம் நியாயம்தான். ஆனாலும் நான் விடுவதாக இல்லை. “இன்னும் ஒன்னே ஒன்னு சார். அதையும் பஸ்ல மட்டும்தான் போடுவேன்,” என்று நின்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஆட்களை ஏற்றிவரும் எங்கள் பஸ்ஸின் ஸ்பீக்கரில் அது ஓடியது. ஹார்ன் இல்லை, இசை இல்லை. என் தப்பை நானே சொன்னேன். அடுத்து அந்த அக்கா பேசினார். “உள்ள வந்துட்டா காதுல எதையும் மாட்டாதீங்க. மிஸ் பேசுனாலும் கேக்காதீங்க.” பஸ்ஸே சிரித்தது. தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது ஒவ்வொருவராக இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டதைப் பார்த்தேன்.

அதன்பிறகு மேனேஜரும் தடுக்கவில்லை; இன்றும் வாராவாரம் பஸ்ஸில் பேசுகிறேன். ஆனால் என் பேச்சைக் கேட்கும்போது அவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று யோசிக்காமல் ஒரு வார்த்தையும் பதிவு செய்வதில்லை.